சத்தத்தை அடைக்கிறேன்னு மூச்சை அடைக்காதீங்க

1.
"டாக்டர், ரெண்டு கையும் அரிக்குது. தொண்டையில ஏதோ குத்திக்கிட்டே இருக்கு. இருமல் நிக்க மாட்டேங்குது."

வந்தவர் டாக்ஸி ஓட்டுறவர். விருத்தாசலத்துல இருந்து வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை பாண்டிச்சேரி ஜிப்மருக்கு நோயாளிகளை ஏத்திட்டுப் போறவர். புது மாத்திரை இல்ல, புது சோப்பு இல்ல, வீட்டுல நாய், பூனை இல்ல. "வேற என்னதான் புதுசு?"ன்னு கேட்டேன். "காருக்கு சவுண்ட் ப்ரூஃப் பண்ணியிருக்கேன் டாக்டர்"ன்னார்.

2.
மிச்சம் இருந்த துண்டை மறுநாள் கேரி பேக்ல போட்டு எடுத்துட்டு வந்தார். வெள்ளைக் கம்பளி மாதிரி இருந்துச்சு. ஒரு பக்கம் மெத்துன்னு, இன்னொரு பக்கம் காய்ஞ்ச அப்பளம் மாதிரி விறைச்சு, தொட்டா உதிருது. பையைக் கட்டச் சொன்னேன்.

நம்ம ஊர்ல பீங்கான் வேலை பார்த்தவங்களுக்கு அது என்னன்னு சொல்லவே வேண்டாம். சூளையோட உள்சுவர்ல சூடு வெளிய போகாம இருக்கப் பொருத்துற செராமிக் ஃபைபர் பிளாங்கெட். அதுவும் புதுசு இல்ல. சூளையில வெந்து, பிரிச்சுத் தூக்கிப் போட்டது. அதை நாலு கதவுக்குள்ளயும் கூரைத் துணிக்கு மேலயும் திணிச்சு வச்சிருக்காங்க.

3.
இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். நீளமா போகும், பொறுமையா படிங்க. கார் வச்சிருக்கவங்க, கார் வாங்கப் போறவங்க, ஆக்சசரீஸ் கடை வச்சிருக்கவங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. காருக்குள்ள ஒட்டுற பொருளை முதல்ல மூச்சை நினைச்சுத் தேர்ந்தெடுங்க. காது அதுக்கு அப்புறம். இன்னிக்கு கடைகள்ல நடக்குறது தலைகீழ். "சத்தம் குறையுமா? எவ்ளோ?" இந்த ரெண்டு கேள்வியோட வியாபாரம் முடிஞ்சிடுது. "இது என்ன பொருள்?"னு யாருமே கேக்குறதில்ல.

4.
முதல்ல நியாயமா ஒண்ணை ஒத்துக்கிறேன். அந்த சூளைப் போர்வை சத்தத்தைக் குறைக்கும். நார் நாரா இருக்குற எந்தப் பஞ்சும் உச்ச ஸ்தாயி சத்தத்தை உறிஞ்சும். வெயிலையும் நல்லாவே தடுக்கும். 1000 டிகிரியைத் தடுக்குற பொருளுக்கு நம்ம மே மாச வெயில் ஒரு பொருட்டா? ஏசி சீக்கிரம் குளிரும். விலையோ அடிமாட்டு விலை. கடைக்காரர் "சார், செராமிக்! நம்ம ஊர் சரக்கு!"ன்னு சொன்னா நம்மாளு உடனே நம்பிடுறார். காருக்கு மேல பூசுற செராமிக் கோட்டிங் வேற, இது வேறன்னு யார் எடுத்துச் சொல்றது?

வேலை செய்யாத பொருளா இருந்தா ஒரு மாசத்துல பிடுங்கிப் போட்டுடுவாங்க. இது வேலை செய்யும். அதனாலதான் வருஷக்கணக்குல உள்ளேயே கிடக்கும்.

5.
சரி, என்ன பிரச்சினை? இந்தப் போர்வை முழுக்க நுண்ணிய நார். 3 மைக்ரானுக்கும் மெல்லிசா, 5 மைக்ரானுக்கு மேல நீளமா இருக்குற நார் நுரையீரலோட அடி ஆழம் வரைக்கும் போகும். நம்ம தலைமுடியோட தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அப்போ கணக்குப் போட்டுக்கோங்க.

உள்ள போன தூசியை விழுங்கி வெளியேத்த நம்ம நுரையீரல்ல காவல்கார செல்கள் இருக்கு. நீளமான நாரை அதுங்களால முழுசா விழுங்க முடியாது. பாதி விழுங்கி, திணறி, செத்துப் போகும். அந்த இடத்துல அழற்சி வரும், அப்புறம் தழும்பு விழும். ஆஸ்பெஸ்டாஸ் ஏன் ஆபத்துங்கிறதுக்கும் அடிப்படை இதேதான்.

6.
உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமையான ஐ.ஏ.ஆர்.சி. இந்த செராமிக் ஃபைபரை 2பி பிரிவுல வச்சிருக்கு. அதாவது "மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்". ஐரோப்பிய யூனியன் இன்னும் கடுமையா 1பி பிரிவுல வச்சிருக்கு.

இது புதுசா இருக்கும்போது. பல தடவை 1000 டிகிரிக்கு மேல வெந்த போர்வை வேற கதை. அந்தச் சூட்டுல நாரோட ஒரு பகுதி கிறிஸ்டோபலைட்டா மாறிடும். கிறிஸ்டோபலைட்ங்கிறது படிக சிலிக்காவோட ஒரு வடிவம். அதைச் சுவாசிக்கிறது ஐ.ஏ.ஆர்.சி.யோட முதல் பிரிவு. "கூடும்" எல்லாம் இல்ல, புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது. சிலிக்கோசிஸ் உண்டாக்குறதும் இதே சிலிக்காதான். ஒரு பக்கம் அப்பளம் மாதிரி விறைச்சு உதிருதுன்னு சொன்னேனே, அதுதான் வெந்த பக்கம்.

7.
பயமுறுத்துறேன்னு சொல்றவங்களுக்கு: இல்ல. உள்ளதை மட்டும்தான் சொல்றேன்.

விலங்குகள்ல செஞ்ச ஆய்வுகள்ல இந்த நார் நுரையீரல் கட்டிகளை உண்டாக்கியிருக்கு. இதைத் தயாரிக்கிற தொழிலாளர்கள்ல நுரையீரல் உறையில தழும்புத் திட்டுகள் பார்த்திருக்காங்க. ஆனா அவங்ககிட்ட நுரையீரல் புற்றுநோய் கூடினதா தெளிவான ஆதாரம் கிடைக்கல. நம்ம டாக்ஸிக்காரரோட எக்ஸ்-ரே நார்மல். அவருக்கு வந்த அரிப்பும் தொண்டைக் குத்தலும் நார் பட்டதால வர்ற உடனடி எரிச்சல். போர்வையை எடுத்த பிறகு சரியாயிடுச்சு.

அப்போ எதுக்கு இவ்ளோ பெரிய பதிவு? எவ்ளோ தூசி, எத்தனை வருஷம்ங்கிறதைப் பொறுத்து வர்ற நோய் இது. கார் ஒரு நாள் சமாச்சாரம் இல்ல. சிலிக்கோசிஸ்க்கு இன்னிக்கு வரைக்கும் குணப்படுத்துற மருந்தும் இல்ல.

8.
காருக்குள்ள இது ஏன் இன்னும் மோசம்?

சூளையில அந்தப் போர்வை அசையாம இருக்கும். கார் கதவுக்குள்ள கண்ணாடி ஏறி இறங்கும், ஒவ்வொரு தடவையும் உரசும். பள்ளத்துல விழுந்து எழும்போதெல்லாம் அதிரும், உதிரும். கண்ணாடி இடுக்கு வழியா மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கி, அடியில இருக்குற ஓட்டை வழியா வெளிய போற மாதிரிதான் கதவையே செஞ்சிருக்காங்க. பஞ்சு தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும். முதல்ல பூஞ்சை, அப்புறம் துரு. காய்ஞ்சதும் மறுபடி தூசி. ஜன்னலை மூடி, ஏசியை உள்சுழற்சியில போட்டு, நாலு பேர் மணிக்கணக்கா அதே காத்தை மூச்சிழுப்பாங்க.

இதே வண்டியிலதான் நுரையீரல் கெட்டுப்போன மனுஷங்களை ஜிப்மருக்கு ஏத்திட்டுப் போறாங்க. அதை நினைச்சுப் பார்த்தப்போதான் எனக்குக் கோபம் வந்துச்சு.

9.
ஆனா இதுல அதிகமா தூசி குடிச்சது டிரைவர் இல்ல, பயணியும் இல்ல. அந்தப் போர்வையைக் கத்தரிச்சு ஒட்டின பையன்.

டிரைவர்கிட்ட சொல்லி வரவழைச்சேன். பத்தொன்பது வயசு இருக்கும். முகத்துல கட்டுறது கைக்குட்டை. கையில க்ளவுஸ் இல்ல. வேலை முடிஞ்சதும் ஏர் கன் வச்சு சீட்டு, டேஷ்போர்டுன்னு எல்லாத் தூசியையும் ஊதி விடுவானாம். அவனைப் பொறுத்தவரைக்கும் அது சுத்தம் பண்றது. கீழ படிஞ்சிருந்த நாரையெல்லாம் கிளப்பி அவனே மூச்சிழுக்கிறான்னு அவனுக்கு யாரும் சொல்லல. அரிச்சா தேங்காய் எண்ணெய் தடவிக்குவானாம்.

10.
சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் ரெண்டும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூன்றாம் அட்டவணையில இடம்பெற்ற நோய்கள். ஒரு தொழிலாளிக்கு இருக்குன்னு தெரிஞ்சா டாக்டர் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும்னு அந்தச் சட்டத்துல இருந்துச்சு. 1995ல ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்குல உச்ச நீதிமன்றம், தொழிலாளியோட ஆரோக்கியம் வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னே தீர்ப்பு கொடுத்துச்சு.

எல்லாம் சரி. மூணு பேர் வேலை பார்க்குற ஆக்சசரீஸ் கடை எந்தத் தொழிற்சாலைக் கணக்குல வரும்? குவார்ட்ஸ் அரைக்கிற இடத்துல தூசி ஆபத்துன்னு சொல்லவாவது ஒரு சட்டம் இருக்கு. அதே தூசி ஒரு கேரி பேக்ல ஏறி பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்துட்டா கேக்க ஆளில்ல.

11.
எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தப் பையன் ஒரு கேள்வி கேட்டான். "சரி சார், இது வேணாம். கஸ்டமர் வந்து நிக்கிறாங்க. வேற எதை ஒட்டுறது? அதைச் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. "அதைத் தொடாதே, இதைச் செய்யாதே"ன்னு சொல்லிட்டு டாக்டர் எழுந்து போயிட முடியாது. அவனுக்கு அன்னிக்கு அரைகுறையாத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து படிச்சேன், கார் வேலை தெரிஞ்ச நண்பர்கள்கிட்ட கேட்டேன். இனி வர்றது அவனுக்கான பதில்.

12.
சத்தத்தைக் குறைக்கிறதுல மூணு தனித்தனி வேலை இருக்கு. மூணையும் ஒண்ணாக் குழப்புறதுலதான் உங்க காசு போகுது.

ஒண்ணு, அதிர்வை அடக்குறது. கதவுத் தகடு மேளத்தோல் மாதிரி அதிருது, அதைப் பிடிச்சு நிறுத்தணும்.
ரெண்டு, உறிஞ்சுறது. உள்ள வந்த சத்தம் எதிரொலிக்காம பஞ்சு மாதிரி ஒண்ணு வாங்கிக்கணும்.
மூணு, தடுக்குறது. கனமான ஒரு சுவர் மாதிரி சத்தத்தை வெளியவே நிறுத்தணும்.

ஒரே ஷீட்டு மூணையும் செய்யும்னு யாராவது சொன்னா, கொஞ்சம் சந்தேகப்படுங்க.

13.
அதிர்வை அடக்க: பியூட்டைல் ரப்பர் ஷீட், மேல அலுமினியத் தாள் ஒட்டினது. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். தகடு அதிரும்போது ரப்பர் இழுபட்டு அந்த அதிர்வைச் சூடா மாத்திடும். மேல இருக்குற அலுமினியம் ரப்பரை இறுக்கிப் பிடிக்கிறதால வேலை இன்னும் நல்லா நடக்கும்.

பியூட்டைல் நமக்குப் புது ஆள் இல்ல. டயர் டியூப் இந்த வகை ரப்பர்தான். நான் தினமும் ஊசி குத்துற மருந்து பாட்டிலோட ரப்பர் மூடியும் இந்தக் குடும்பம்தான். நார் கிடையாது, உதிராது. கத்தரிச்சா தூசி வராது. அலுமினிய ஓரம் மட்டும் கையைக் கிழிக்கும், க்ளவுஸ் போட்டுக்கோ தம்பி.

14.
"பியூட்டைல் விலை ஜாஸ்தி டாக்டர், எல்லாருக்கும் கட்டுப்படியாகாது." கடைக்காரங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அதுக்கும் பதில் இருக்கு.

கதவு முழுக்க ஒட்டத் தேவையே இல்ல. தகட்டோட நடுப்பகுதியில கால்வாசியில இருந்து பாதி வரைக்கும் ஒட்டினாலே கிடைக்கவேண்டிய பலன்ல பெரும்பகுதி கிடைச்சிடும். விரலால தட்டிப் பாருங்க. "டங்"னு கேட்டது "டொக்"னு கேட்டா அந்த இடம் முடிஞ்சது, அடுத்த இடத்துக்குப் போங்க. நல்ல பொருளைக் கொஞ்சமா ஒட்டுங்க. கெட்ட பொருளை இண்டு இடுக்கு விடாம திணிக்கிற காசுல இது பெரும்பாலும் முடிஞ்சிடும். கனமும் ஏறாது, மைலேஜும் அடி வாங்காது.

15.
தார் ஷீட்: பியூட்டைல்னு சொல்லி விக்கிறதுல நிறைய இதுதான். மொட்டை மாடியில ஒழுகலுக்கு ஒட்டுற அதே சரக்கு. கார் கம்பெனிகளும் தார் அடிப்படையிலான ஷீட்டைத் தரையில பயன்படுத்துறாங்க, உண்மைதான். ஆனா அது பெயின்ட் அடுப்புல உருகித் தகட்டோட ஒட்டிப்போற மாதிரி செஞ்சது. கடையில ஒட்டுறது அப்படி இல்ல. வெயில்ல நிக்கிற காரோட தகடு 60 டிகிரியைச் சுலபமா தாண்டும். தார் இளகும், நாறும், வழியும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? முகர்ந்து பாருங்க. ரோடு போடுற வாசனை வந்தா வேண்டாம். தலைவலி, குமட்டல்னு சொல்லிக்கிட்டு வர்றவங்களோட காரை இனிமே நானும் முகர்ந்து பார்க்கப் போறேன்.

16.
ஃபோம்: இதுல ரெண்டு ஜாதி. தண்ணியைக் குடிக்கிற மெத்தை ஃபோம், தண்ணி ஏறாத மூடிய அறை ஃபோம். மெத்தைக் கடையில மிச்சமான பாலியூரித்தேன் ஃபோமைக் கதவுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. ஈரம் பிடிச்சா பூஞ்சை, ஆஸ்துமாக்காரங்களுக்கு அது போதும். தீப்பிடிச்சா கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் வரும். பூட்டின காருக்குள்ள அதுக்கு நிமிஷக் கணக்குதான்.

கார் உள்பொருள் தீப்பிடிக்கிற வேகத்துக்கு இந்தியாவுல ஐ.எஸ். 15061னு ஒரு தரம் இருக்கு. அமெரிக்காவோட எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302ல நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல தீ பரவக்கூடாது. இந்த ரெண்டுல ஒண்ணு இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா வாங்காதீங்க.

17.
உறிஞ்சுறதுக்கு: கூரைத் துணிக்கு மேல, டிக்கிக்குள்ள, ஈரம் படாத இடத்துல பாலியஸ்டர் ஃபெல்ட் போதும்.

கண்ணாடிப் பஞ்சு? சாதாரண இன்சுலேஷன் கண்ணாடிப் பஞ்சு நுரையீரல்ல சீக்கிரம் கரையும். அதனால ஐ.ஏ.ஆர்.சி. 2002ல அதைப் புற்றுநோய் சந்தேகப் பிரிவுல இருந்து இறக்கிடுச்சு. செராமிக் ஃபைபரை இறக்கல. இருந்தாலும் கண்ணாடிப் பஞ்சும் தோலையும் தொண்டையையும் அரிக்கும், பயணிகள் உக்கார்ற இடத்துக்குத் தேவையில்ல. ஆஸ்பெஸ்டாஸ் அட்டை, ஆஸ்பெஸ்டாஸ் கயிறு பத்திப் பேச்சே எடுக்காதீங்க.

18.
தடுக்குறதுக்குக் கனமான வினைல் ஷீட் இருக்கு. அதோட வேலையே கனம்தான். கனம் ரெண்டு மடங்கானா அதிகபட்சம் 6 டெசிபெல் குறையும். ஆனா அதுக்கு இடைவெளியே இருக்கக்கூடாது. ஒரு சுவர்ல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தாலும், எவ்ளோ கனமா கட்டினாலும் 20 டெசிபெல்லுக்கு மேல தடுக்காது. கார்ல எத்தனை ஓட்டை, எத்தனை வயர் போற வழி இருக்குன்னு நீங்களே எண்ணிக்கோங்க. சாதாரணமா ஓட்டுறவங்களுக்கு இது தேவைப்படாது.

19.
"90 சதவீதம் சத்தம் குறையும் சார்!" இந்த வசனத்தையும் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

சத்தத்தோட ஆற்றல் 90 சதவீதம் குறைஞ்சா அது 10 டெசிபெல். காதுக்கு அது ஏறக்குறைய பாதி சத்தமாத்தான் கேக்கும். 50 சதவீதம் குறைஞ்சா 3 டெசிபெல். உத்துக் கேட்டாத்தான் வித்தியாசமே தெரியும். சதவீதத்துல பேசுறவர்கிட்ட "எத்தனை டெசிபெல்? எந்த வேகத்துல? ஒட்டுறதுக்கு முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோ?"ன்னு கேளுங்க. மீட்டர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க. பெரும்பாலும் டீ வாங்கிக் கொடுத்து பேச்சை மாத்துவாங்க.

20.
எதையும் ஒட்டுறதுக்கு முன்னாடி காசு செலவாகாத வேலைகளை முடிங்க.

உளுந்தூர்பேட்டை ரோட்டுல 80ல போகும்போது உங்களுக்குக் கேக்குறதுல பெரும்பங்கு டயர் சத்தம். காத்தழுத்தம் சரியா இருக்கா, டயர் மேடு பள்ளமா தேய்ஞ்சிருக்கா பாருங்க. வேகத்தோட கூடுற "ஊ"ங்கிற சத்தம் வீல் பேரிங்கா இருக்கலாம். அதை ஷீட் ஒட்டி மறைச்சா ஒருநாள் நடுரோட்டுல நிப்பீங்க.

ஒரு பேப்பரை வச்சுக் கதவைச் சாத்தி இழுங்க. சுலபமா வழுக்கிட்டு வந்தா டோர் பீடிங் போச்சுன்னு அர்த்தம். அதை மாத்தினாலே பாதிப் பேருக்கு சவுண்ட் ப்ரூஃப் ஆசை தீர்ந்துடும்.

21.
மருத்துவரா இன்னொண்ணும் சொல்லணும். ஜன்னல் மூடின ஓரளவு நல்ல காருக்குள்ள வர்ற ரோட்டுச் சத்தம் காதைச் செவிடாக்காது. களைப்பைத் தரும், அது உண்மை. காதைக் கெடுக்குறது அந்தச் சத்தத்துக்கு மேல நீங்க ஏத்தி வைக்கிற பாட்டு.

85 டெசிபெல்ல 8 மணி நேரம் தாங்கலாம்னு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88ன்னா 4 மணி. 100ன்னா வெறும் 15 நிமிஷம். காருக்கு சவுண்ட் ப்ரூஃப் பண்ணிட்டு உள்ள ஊஃபர் வைக்கிற தம்பிகளே, இது உங்களுக்கு.

22.
இன்னும் ரெண்டு எச்சரிக்கை. சில கார்கள்ல பக்கவாட்டு மோதலைக் கண்டுபிடிக்கிற சென்சார் கதவுக்குள்ள இருக்கும், கதவுக்குள்ள ஏறுற காத்தழுத்தத்தை வச்சு வேலை செய்யும். கூரை ஓரத்துல திரை மாதிரி விரியிற ஏர்பேக் இருக்கும். அங்க எதையாவது திணிச்சா விரியவேண்டிய நேரத்துல சிக்கல் ஆகலாம். உங்க கார்ல எங்க என்ன இருக்குன்னு சர்வீஸ் சென்டர்ல கேக்காம கதவைத் திறக்க விடாதீங்க. கதவோட அடி ஓட்டைகளை அடைக்கவும் விடாதீங்க.

23.
ஏற்கெனவே வெள்ளைப் பஞ்சு போட்டுட்டீங்களா? பதறாதீங்க. வீட்டு வாசல்ல நின்னு பிய்க்கவும் பிய்க்காதீங்க.

பிள்ளைங்களைத் தள்ளி நிக்க வைங்க. முகத்துல சரியாப் பொருந்துற என்95 முகக்கவசம், க்ளவுஸ், முழுக்கைச் சட்டை. கைத் தெளிப்பானால தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டு மெதுவா எடுங்க. ரெண்டு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டுக் கட்டுங்க. ஏர் கன் கூடவே கூடாது, துடைப்பமும் கூடாது. ஈரத்துணியால துடைங்க, ஹெப்பா ஃபில்டர் இருக்குற வேக்யூம் கிடைச்சா இன்னும் நல்லது. போட்டிருந்த துணியைத் தனியா துவைங்க. இருமல் மூணு வாரத்துக்கு மேல நீடிச்சா டாக்டரைப் பாருங்க. அப்போ காரைப் பத்தியும் மறக்காம சொல்லுங்க, ஏன்னா நாங்களா கேக்க மாட்டோம்.

24.
கடையில கேக்கவேண்டியதைச் சுருக்கமா சொல்லிடறேன்.
இது என்ன பொருள்? பேரும் தயாரிப்பாளரும் அட்டையில இருக்கா?
பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கா? ஒழுங்கான தயாரிப்பாளர் தருவார்.
நார் உதிருமா? தார் வாசனை வருதா?
தீத் தரம் ஐ.எஸ். 15061 இருக்கா?
ஒட்டுற பையனுக்கு முகக்கவசம் கொடுத்திருக்கீங்களா?

கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்க. அவனுக்கு முகக்கவசம் தேவைப்படுற பொருள்னா, அது உங்க காருக்குள்ள இருக்கக்கூடாத பொருள்.

25.
நெய்வேலிக் களிமண்ணும் குவார்ட்ஸும் தீயும் சேர்ந்து சோறு போட்ட ஊர் இது. பீங்கானைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சூளைக்கான பொருள் சூளையில இருக்கட்டும்னுதான் சொல்றேன்.

அந்தப் பையன் போன வாரம் ஃபோன் பண்ணினான். "முதலாளி ரெண்டு ரோல் பியூட்டைல் இறக்கியிருக்கார் சார். ஆனா வெள்ளைச் சரக்கு இன்னும் குடோன்ல இருக்கு. கேக்குறவங்களுக்குப் போடச் சொல்றார்."

கேக்குறவங்க நீங்கதான். கேக்காதீங்க. உங்க ஊர் கார் டிரைவர் குரூப்ல இதைப் பகிருங்க.